ஸ்கிரீன்ஷாட்டும் லிங்க்கும்: சேலத்துச் சேலைக் கடைகள் வீடியோவில் விற்கும் கதை

பெரியம்மாவின் போனில் கேலரியைத் திறந்தால் பேரப்பிள்ளைகளின் படங்களைவிடச் சேலைப் படங்கள்தான் அதிகம். எல்லாமே ஸ்கிரீன்ஷாட். ஓடிக்கொண்டிருந்த வீடியோவை நிறுத்தி எடுத்தவை என்பதால் நடுவில் அந்த முக்கோணக் குறி இருக்கும். ஓரத்தில் கடையின் வாட்ஸ்அப் எண். யாரோ ஒரு பெண்ணின் இரண்டு கைகள் முந்தானையை விரித்துப் பிடித்திருக்கும்; முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கும். பெரியம்மாவுக்கு முகம் தேவையில்லை. கரை எத்தனை விரல் அகலம், புட்டா எவ்வளவு நெருக்கம், அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

அவர் இருப்பது சேலம் அம்மாபேட்டையில். கடை சேலத்துக்குப் பக்கத்து ஊரான இளம்பிள்ளையில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம்தான். முட்டி வலி வந்த பிறகு போவதில்லை. ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பி "இது இருக்கா கண்ணு?" என்று கேட்பார். "இருக்குங்கம்மா" என்று பதில் வந்தால் ஜிபேயில் பணம், அப்புறம் முகவரி, அப்புறம் பணம் போனதற்கான இன்னொரு ஸ்கிரீன்ஷாட். ஒன்றிரண்டு நாளில் கூரியர்காரர் வாசலில் நிற்பார். "தீர்ந்துபோச்சுங்கம்மா" என்று வந்தால் கேலரியில் அடுத்த படம்.

இணைய வணிகத்தில் இப்போது 'ஷாப்பபிள் வீடியோ' என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. வீடியோ ஓடும்போதே அதில் காட்டும் பொருளின் சிறு படமும் விலையும் திரையின் ஓரத்தில் வரும். தொட்டால் வாங்கும் பக்கம் திறக்கும். புதுமை என்கிறார்கள். இளம்பிள்ளைக் கடைகளின் வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்கு இதில் பாதி பழகிய சங்கதி. லிங்க் செய்யும் வேலையை அங்கே ஸ்கிரீன்ஷாட்டும் வாட்ஸ்அப் எண்ணும் பல வருடமாகச் செய்துகொண்டிருக்கின்றன. அதனால் லிங்க் வந்தால் என்ன மாறும் என்று கேட்பதற்கு முன்னால், அந்த ஸ்கிரீன்ஷாட் இதுவரை என்னென்ன செய்துகொடுத்தது என்று பார்ப்பதுதான் சரி.

லிங்க்கின் உள்வேலை முதலில். வீடியோவில் இருப்பது சேலை என்று யூடியூபுக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ தானாகத் தெரிய வேண்டிய அவசியமில்லை. விற்பவர் ஒரு கேட்டலாக் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், ஒரு படம், விலை, கையிருப்பு எத்தனை, எந்தப் பக்கத்தில் வாங்கலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த எண்ணை வீடியோவோடு முடிச்சுப் போடுவதைத்தான் 'டேக் பண்ணுவது' என்கிறார்கள். எத்தனையாவது நொடியில் பொருளின் படம் தலைகாட்ட வேண்டும் என்றும் குறித்து வைக்கலாம். நாம் தொடும்போது, வாங்கும் பக்கத்தின் முகவரியோடு ஒரு குறியீடும் ஒட்டிக்கொண்டு போகும். இந்த ஆள் இன்னாருடைய வீடியோவிலிருந்து வந்தவர் என்று விற்பனைத் தளத்துக்கு அது சொல்லும். நாம் வாங்கினால் வீடியோ போட்டவருக்குக் கமிஷன். பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் கமிஷன் கிடையாது. திருப்பி அனுப்பும் கெடு முடிகிறவரை அந்தப் பணத்தை நிறுத்தி வைப்பது அதனால்தான்.

இதில் இரண்டு வகை உண்டு; இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடைக்காரர் தன் சரக்கைத் தானே காட்டித் தன் பக்கத்துக்கே லிங்க் கொடுப்பது ஒன்று. யாரோ ஒருவர் வேறொரு தளத்தின் சரக்கைக் காட்டிக் கமிஷன் வாங்குவது இன்னொன்று. இந்தியாவில் யூடியூப் 2024 அக்டோபரில் ஃபிளிப்கார்ட், மிந்த்ரா இரண்டோடும் சேர்ந்து தொடங்கிய திட்டம் இரண்டாவது வகை.

விரித்துக் காட்டி விற்பது நமக்குப் புதிதில்லை. என் சின்ன வயதில் சைக்கிள் கேரியரில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒருவர் தெருவுக்கு வருவார். திண்ணையில் மூட்டையைப் பிரித்தால் பத்து வீட்டுப் பெண்கள் கூடுவார்கள். ஒருவர் தோளில் போட்டுப் பார்த்தால் மற்றவர் அபிப்பிராயம் சொல்வார். பணம் தவணையில். அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய க்யூவிசி என்ற டிவி சேனல் பொருளைக் காட்டிப் போனில் ஆர்டர் வாங்கியது. அதுவும் இந்தத் திண்ணை வியாபாரம்தான். சீனாவில் 2016-இல் தாவ்பாவ் தளம் நேரலை விற்பனையைத் தொடங்கியபோது, காட்டுவது, பணம் வாங்குவது, அனுப்புவது மூன்றும் ஏறக்குறைய ஒரே கூரையின் கீழ் வந்தன. அங்கே அது பெரிய தொழிலானது. காட்டுகிறவர் கடையைவிடப் பெரியவரானார். வேயா என்ற நேரலை விற்பனையாளருக்கு வரி ஏய்ப்புக்காக 2021 டிசம்பரில் 134 கோடி யுவான் அபராதம் விதித்தார்கள். முகத்தைக் காட்டி விற்ற ஒருவர் கையில் எவ்வளவு பணம் புரண்டிருக்கிறது என்று அந்தத் தொகையே சொல்கிறது.

மற்ற பல இடங்களில் அப்படி நடக்கவில்லை. ஃபேஸ்புக் தன் நேரலை விற்பனை வசதியை 2022 அக்டோபரில் நிறுத்தியது. இன்ஸ்டாகிராம் 2023 மார்ச்சில் நிறுத்தியது. நம் நாட்டில் சிறு வீடியோவுக்குப் பெரிய மேடையாக இருந்த டிக்டாக் 2020 ஜூன் மாதக் கடைசியில் தடையானது. வீடியோ வழி விற்பனைக்கென்றே இருந்த சிம்சிம் என்ற இந்தியச் செயலியை 2021-இல் யூடியூப் வாங்கியது; பிற்பாடு அந்தச் செயலியும் மூடப்பட்டது.

இத்தனை பெரிய நிறுவனங்கள் தொட்டுவிட்டு விட்ட வியாபாரம் இளம்பிள்ளையில் மட்டும் எப்படி ஓடியது? முக்கியமான காரணம் யுபிஐ என்று நினைக்கிறேன். 2016-இல் வந்த யுபிஐ வழியாகப் பணம் வாங்கும் கடைக்காரர் 2020 ஜனவரியிலிருந்து அதற்குக் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை. அதே 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை இறங்கியது. கடைக்காரருக்குத் தேவைப்பட்டது ஒரு போன், ஒரு ரிங் லைட், கூரியர் ஆபீஸில் ஒரு கணக்கு. தளத்துக்குக் கமிஷன் இல்லை, கேட்டலாக் வேலை இல்லை. பணம் அன்றைக்கே கையில்.

வரிக் கணக்கும் ஒரு காரணம். ஜிஎஸ்டி வந்ததிலிருந்து, ஆன்லைன் தளம் வழியாகப் பொருள் விற்க வேண்டுமானால் வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவு கட்டாயம் என்ற நிலைதான் இருந்தது. 2023 அக்டோபர் முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அதில் விலக்கு கிடைத்தது. பெங்களூருக்கு ஒரு சேலை அனுப்ப வேண்டுமென்றால் பழைய கதைதான். வீட்டிலிருந்து சேலை விற்கும் பெண்கள் பலர் தளங்களின் பக்கம் போகத் தயங்கியதற்கு இதுவும் சேர்ந்துகொண்டது.

சரி, சேலைக்கு வருவோம். லிங்க் முறைக்கும் சேலைக்கும் ஒத்துப்போகாத இடம் ஒன்று இருக்கிறது.

இளம்பிள்ளையில் ஒரு கடையின் மாடியில் வீடியோ எடுப்பதை ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். பாய் விரித்து, அதன்மேல் வெள்ளை வேட்டி விரித்து, இடப்பக்கம் நாற்பது ஐம்பது சேலை அடுக்கி வைத்திருந்தார்கள். காட்டும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு சேலைக்கு இருபது விநாடிகூட ஆகவில்லை. மடிப்பை உதறி உடலைக் காட்டுகிறார். கரையை விரலால் நீவுகிறார். முந்தானையை உயர்த்திப் பிடிக்கிறார். பிளவுஸ் துணி எங்கே ஆரம்பிக்கிறது என்று தொட்டுக் காட்டுகிறார். கடைசியில் துணியைக் கசக்கிப் பிடித்து விடுகிறார், மடிப்பு விழுகிறதா இல்லையா என்று நமக்குத் தெரிவதற்காக. வாய் நிற்கவே இல்லை. "சாஃப்ட் சில்க்குங்க, வெயிட்லெஸ், கட்டினா உடம்போட நிக்கும்." அடுத்த சேலை. வலப்பக்கம் குவியல் ஏறிக்கொண்டே போனது.

அந்தக் கசக்கலில்தான் என் கண் நின்றது. பொருளின் படமும் விலையும் போட்ட கேட்டலாக் பக்கத்தில் அது வராது. கையால் தொட்டுப் பார்க்க முடியாதவருக்காக இன்னொருத்தி தன் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறாள். வீடியோ விற்பனையின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது. லிங்க் என்பது அதற்குப் பிறகு வரும் ஒரு கதவு, அவ்வளவுதான்.

அந்த நாற்பது ஐம்பது சேலைகளில் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டோ மூன்றோதான் இருப்பு. சிலதில் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி எண், தனிப் படம், நிறத்தின் பெயர், விலை என்று கேட்டலாக்கில் ஏற்றினால், வீடியோ எடுக்க ஆன நேரத்தைப் போலப் பல மடங்கு அதற்கே போய்விடும். ஏற்றி முடித்த மாலையிலேயே பாதி விற்றிருக்கும். வீடியோவோ வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்ப்பவர் தொட்டால் 'ஸ்டாக் இல்லை' என்றுதான் வரும். ஸ்கிரீன்ஷாட் இந்த இடத்தில் தப்பித்துக்கொள்கிறது. "அந்தக் கலர் போயிருச்சுங்கம்மா, அதே டிசைன்ல ராமர் பச்சை இருக்கு, அனுப்பட்டுமா?" என்று மறுமுனையில் ஒரு ஆள் கேட்பார். பாதி விற்பனை இந்தப் பதிலில்தான் நடக்கிறது.

நிறம் இன்னொரு தலைவலி. ரிங் லைட்டில் மாம்பழ மஞ்சளாகத் தெரிவது வெயிலில் கடுகு நிறமாக இருக்கும். போன் கேமரா வெளிச்சத்துக்கேற்பத் தானே நிறத்தைத் திருத்திக்கொள்ளும். பார்ப்பவரின் திரை இன்னொரு தடவை திருத்தும். பெரியம்மாவுக்கு ஒருமுறை மயில் கழுத்து நிறம் என்று பணம் கட்டியது வெறும் நீலமாக வந்து சேர்ந்தது. மாற்றித் தரக் கேட்டதற்கு, பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்று அந்தக் கடையில் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா அதை இன்னும் பிரோவில் அப்படியே வைத்திருக்கிறார். பெரிய தளத்தில் லிங்க் வழியாக வாங்கியிருந்தால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கும் பொருளாக இருந்திருந்தால், இந்த வருத்தம் இருந்திருக்காது. வாங்குகிறவர் பக்கம் லிங்க்குக்கு இருக்கும் பெரிய பலம் இது, குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பி வரும் சேலைக்கு இரண்டு பக்கக் கூரியர் செலவு உண்டு. அதைக் கடைசியில் சுமப்பது பெரும்பாலும் சின்ன வியாபாரிதான்.

சேலத்தின் மற்ற சரக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் செய்யும் வெள்ளிக் கொலுசுக்கு லிங்க் ஒத்துவருமா? கொலுசின் விலை எடை, டச் எனப்படும் வெள்ளியின் தூய்மை, கூலி மூன்றும் சேர்ந்தது. அன்றைய வெள்ளி விலையை வைத்துத்தான் கணக்கு. 2025-இல் வெள்ளி ஏறிய வேகத்தில், காலையில் கேட்டலாக்கில் போட்ட விலை மாலையில் நஷ்டக் கணக்காகிவிடும். அதனால் கொலுசு வீடியோக்களில் எடையை மட்டும் தராசில் வைத்துக் காட்டி, விலைக்கு 'மெசேஜ் பண்ணுங்க' என்று விட்டுவிடுகிறார்கள். விலையை மறைப்பதாகச் சிலர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் பல நேரம் நியாயமானதுதான். கொலுசு விஷயத்தில் மட்டும் காரணம் வேறு. வாங்குகிறவர் கேட்க வேண்டியது டச் எவ்வளவு என்பதையும் ஹால்மார்க் உண்டா என்பதையும். 2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகைக்கும் ஆறு இலக்க அடையாள எண்ணோடு ஹால்மார்க் முத்திரை வந்திருக்கிறது. கட்டாயமில்லை, விருப்பப்பட்டவர் போடலாம். வீடியோவில் அந்த எண்ணைக் கேமராவுக்கு அருகில் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏற்காட்டுக் காபிக்கு லிங்க் கச்சிதமாகப் பொருந்துகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப்போனால் கிடைக்கும் அந்தக் காபி, 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்தது. கால் கிலோ பொடிப் பாக்கெட் என்றால் எல்லாம் ஒன்றுபோல. நிறத் தகராறு இல்லை. இன்று வாங்கியவர் மாதக் கடைசியில் மறுபடி வாங்குவார். ஒரே ஒரு எண்ணைக் கேட்டலாக்கில் போட்டு, அறுவடைக் காலத்தில் பழம் பறிப்பதையும் களத்தில் காய்வதையும் காட்டும் பத்து வீடியோவோடு அதே எண்ணை முடிச்சுப் போடலாம். வீடியோ பழசானாலும் லிங்க் உயிரோடு இருக்கும். வாசனையை அனுப்ப முடியாதுதான். அதற்குப் பதில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டலாம்; கலவைப் பொடியென்றால் அதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். ஏற்காட்டில் மிளகும் காபியும் விற்கும் சிறு தோட்டக்காரர்கள் யாராவது கேட்டால், சேலைக்காரர்களைப் பார்த்து வாட்ஸ்அப் எண் போடாதீர்கள், நேராக லிங்க்குக்குப் போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

இனி, எனக்கு முக்கியமாகப் படும் விஷயம். பெரியம்மா ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய அந்த நொடியில் அவருடைய எண் கடையின் போனில் பதிந்துவிடுகிறது. ஆடித் தள்ளுபடிக்கு, தீபாவளிக்கு, புதுச் சரக்கு வந்ததற்கு அந்த எண்ணுக்குச் செய்தி போகும். அவர் கடையின் வாடிக்கையாளர். லிங்க் வழியாக ஒரு பெரிய தளத்தில் வாங்கினால் அவர் அந்தத் தளத்தின் வாடிக்கையாளர். அவருக்கு எந்த நிறம் பிடிக்கும், எந்த விலைக்குமேல் போக மாட்டார் என்பதெல்லாம் தளத்தின் கணக்கில் சேரும். அடுத்த தடவை அவர் திரையில் அதே சேலையின் பக்கத்திலேயே இருபது ரூபாய் குறைவாக இன்னொரு கடையின் சேலை வந்து நிற்கும். கமிஷன் என்பது கண்ணுக்குத் தெரியும் செலவு. ஆளை இழப்பது கண்ணுக்குத் தெரியாத செலவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக மட்டும் சொல்லும் தொகைகள் இவை. எண்ணூறு ரூபாய்ச் சேலையில் கடைக்கு நூற்றைம்பது நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தளத்துக்கும் வீடியோ போட்டவருக்கும் சேர்த்து நூறு போனால் மிச்சம் ஐம்பது. பத்தில் ஒரு சேலை திரும்பி வந்து, அதற்கு இரண்டு பக்கமும் சேர்த்து நூற்றைம்பது செலவானால் அந்தப் பத்துச் சேலையில் நின்றதே முந்நூறு. வாட்ஸ்அப்பில் இரண்டு சேலை விற்றாலே அந்த முந்நூறு வந்துவிடும். விற்பனை பல மடங்கு கூடினால்தான் லிங்க் கட்டுப்படியாகும். பெரிய கடைகளுக்குக் கூடலாம். மூன்று தறியும் ஒரு போனும் வைத்திருக்கும் வீட்டுக்கு அது எளிதில்லை.

தறி என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. இளம்பிள்ளைச் சேலையில் பெரும்பகுதி விசைத்தறியில் ஓடுவது. அதில் தவறே இல்லை. நல்ல சேலை, நடுத்தர வீட்டுக்குக் கட்டுப்படியாகும் விலை. தவறு எங்கே வருகிறது என்றால், அதையே கைத்தறி என்றும் சுத்தப் பட்டு என்றும் வீடியோவில் சொல்லும்போது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி வைத்த சட்டம் 1985-இலிருந்து இருக்கிறது. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது, பட்டுக்கான சில்க் மார்க் 2004-இல் வந்தது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டை நெய்கிறவரின் பல நாள் வேலை, இருபது விநாடி வீடியோவில் ஒரு பொய்ச் சொல்லுக்குத் தோற்றுப்போவது எனக்குப் பொறுக்கவில்லை. ஊடையிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினால் நிஜப் பட்டு தலைமுடி பொசுங்கும் வாசனையோடு சாம்பலாக உதிரும்; பாலியெஸ்டர் உருகி மணிபோலக் கெட்டியாகும். நேர்மையான கடைக்காரர்கள் இதையும் வீடியோவிலேயே செய்து காட்டுகிறார்கள். எல்லாரும் செய்யலாம்.

சட்டம் வாங்குகிறவர் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியின்படி, காசு வாங்கியோ இலவசமாகப் பொருள் வாங்கியோ ஒன்றைப் புகழ்ந்து பேசுகிறவர் அதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வீடியோவென்றால் எழுத்திலும் குரலிலும் இரண்டிலும் இருக்க வேண்டும். நேரலையென்றால் முழு நேரமும் திரையில் தெரிய வேண்டும். கீழே விளக்கப் பகுதியில் நாலு ஹேஷ்டேகுக்கு நடுவே ஒளித்து வைப்பது கணக்கில் வராது. ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் தடவை பத்து லட்சம் வரையும், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரையும் அபராதம் போட இடமுண்டு. 2023 நவம்பர் விதிகள் இன்னும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்தன. அடுக்கில் இருபது சேலை இருக்கும்போதே 'கடைசி ஒரே பீஸ்' என்று அவசரப்படுத்துவது அதில் ஒன்று. புகாருக்கு 1915 என்ற எண் இருக்கிறது. தெரு மூட்டைக்காரரிடம் சண்டை போடத் தெரிந்த நம் பெண்கள் இந்த எண்ணையும் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

இரண்டும் கலந்த ஒரு வழியும் உருவாகி வருகிறது. வீடியோவில் வரும் லிங்க்கைத் தொட்டால் பெரிய தளத்துக்குப் போகாமல் கடையின் வாட்ஸ்அப்புக்கே போகும். அங்கே வாட்ஸ்அப் பிசினஸின் கேட்டலாக்கில் சேலைகள் அடுக்கியிருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் வேலை மிச்சம், ஆள் கடையிடமே இருப்பார். நான் பார்த்த அந்த மாடிக் கடையில் இப்படித்தான் ஆரம்பித்திருந்தார்கள். எப்போதும் கையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு ரகங்களை மட்டும் கேட்டலாக்கில் ஏற்றியிருந்தார்கள். ஒற்றைச் சேலைகள் பழையபடி ஸ்கிரீன்ஷாட்டில்.

அன்றைக்கு நான் கிளம்பும்போது அந்தப் பெண்ணின் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. வயதான குரல். "கண்ணு, அந்த மூணாவது சேலை வெயில்ல எப்படி இருக்குன்னு கொஞ்சம் காட்டேன்." அவர் வலப்பக்கக் குவியலில் தேடி அந்தச் சேலையை உருவி எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவரில் விரித்துப் போட்டு, முந்தானையை வெயிலுக்குத் திருப்பி, ஒரு நிமிட வீடியோ எடுத்து அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்பினார். வெயிலில் அது அரக்கு. உள்ளே பார்த்தபோது மெரூன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.